ராசாங்கத்தின் பதினோரு நேயர்கள்

அரியலூர் மண்ணுக்கு மேலே ஒரு காலத்தில் கடல் கிடந்ததாம். ஓடையை வெட்டினால் இன்றைக்கும் கல்லாய்ப் போன கிளிஞ்சல் வருகிறது. அந்தக் கடல் ஏன் வற்றியது என்று படித்தவர்கள் பத்துக் காரணம் சொல்வார்கள். ஒன்றும் உண்மையில்லை. யாரோ ஒரு பெரிய மீன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது. ராசாங்கத்தின் பாட்காஸ்ட்டைக் கேட்காமல் வைத்திருக்கிறது. பந்தியில் தண்ணீர் பத்தவில்லை. வந்த சனம் கடலையே குடித்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். விசேஷம் நடத்துவது எப்படி என்று சொல்லித்தர இந்தப் பூமியில் ஆயிரம் பாட்காஸ்ட் இருக்கலாம். ராசாங்கத்தின் ‘வாங்க, உட்காருங்க’ அவை அத்தனைக்கும் தாய்மாமன்.

அதற்கு மொத்தம் பதினோரு நேயர்கள். பதினோரு பேரையும் பெற்றெடுத்தவள் நான்.

ராசாங்கத்துக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அவருடைய அப்பா ஆண்டிமடம் பக்கம் எங்கள் முந்திரிக்காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கியவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் ‘அவன்’. எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். பேசும்போது ‘அண்ணே’ என்பேன், அம்மா காதுக்கு எட்டாத தூரத்தில்.

தொழில், விசேஷம் நடத்தித் தருவது. பந்தல், சமையல், சீர்வரிசை, மேடை, செருப்பு விடும் இடம் எல்லாம் அவர் பொறுப்பு. என் மஞ்சள் நீராட்டையும் அவர்தான் நடத்தினார். எழுநூறு பேர் வந்தார்கள். இலை தீர்ந்ததும் இல்லை, மீந்ததும் இல்லை. எழுநூறு பேரையும் உட்காரவைத்தவர் கடைசியில் கொல்லையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டார். நான் மேடையிலிருந்து தப்பி ஐஸ்கிரீம் திருடப் போனபோது பார்த்தேன். “பாப்பா, ரெண்டாவது டப்பால ஸ்ட்ராபெரி இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

பாட்காஸ்ட் என்ற பேரை அவருக்குச் சொன்னவன், பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக வந்த சென்னைப் பையன். இந்தத் தொழிலுக்கே பாட்காஸ்ட் இருக்கிறது என்று சிலவற்றைப் போட்டும் காட்டினானாம். ராசாங்கம் மூன்று நாள் கேட்டார். பூச்சுவர், கடற்கரைக் கல்யாணம், மணப்பெண் நுழையும்போது புகை என்றெல்லாம் பேசினார்களாம். “ஒருத்தனும் கை கழுவுற தண்ணிய எங்க வைக்கணும்னு சொல்லல பாப்பா” என்றார். அது அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது. தானே ஆரம்பித்தார். என்னிடம் நல்ல போன் இருந்தது, படிப்பு பத்தாவதோடு நின்றிருந்தது, நேரம் நிறைய இருந்தது. அவர் பேசிப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்புவார். நான் ஏற்றிவிடுவேன்.

பதிவு நடப்பது அவருடைய ஆம்னி வேனுக்குள். கண்ணாடிக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டியிருப்பார். அப்படியும் சுண்ணாம்புக்கல் லாரி போனால் அது அவரை விட அதிகம் பேசும். லாரி போகும்வரை நிறுத்தி, விட்ட சொல்லிலிருந்தே தொடருவார்.

சொன்னதெல்லாம் கணக்கான பேச்சு. வாசலில் நிற்கிறவர் கும்பிட்டுக்கொண்டு சிலை மாதிரி நிற்கக்கூடாது. ஒவ்வொருவரையும் முறை சொல்லி ‘வாங்க’ என்று கூப்பிட வேண்டும். புருஷனைக் கூப்பிட்டுப் பெண்டாட்டியை விட்டால் அந்தக் குடும்பம் பத்து வருஷம் சொல்லிக்காட்டும். நூறு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் எழுபது வீடு வாசலுக்கு வரும், அறுபது வீடு இலைக்கு வரும். ஒவ்வொரு தடவையும் முடிக்கும்போது ஒரே வார்த்தை: “மேடை அழகு, பந்தல் அழகு, எல்லாம் செரி. வந்தவங்க கை நனைச்சாதாங்க அது விசேஷம்.”

முதல் மாதம் கேட்டவர்கள் நான்கு பேர் என்று ஆப் காட்டியது. ஒன்று நான். இரண்டு அவருடைய இரண்டு போன். நாலாவது ஆள் பத்து விநாடியில் ஓடியிருந்தான். இவரானால் தினமும், நேயருங்க என்ன சொல்றாங்க என்று கேட்பார். சும்மா வம்புக்குத்தான் நான் சிறுவாச்சூர் தென்றலைப் பிறப்பித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசி, ஆப்புக்குள் வந்த நேயர் கேள்வி என்று அனுப்பினேன். வீட்டில் வளர்த்த கோழி செத்துவிட்டது, கருமாதி வைக்க வேண்டும், எத்தனை இலை போடலாம் என்பது கேள்வி.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த பதிவில் முழுசாகப் பதில் சொன்னார். செல்லமாக வளர்த்தது என்றால் பத்துப் பேருக்கு வையுங்கள், கோழிக்கறி மட்டும் வேண்டாம், கோழியோடு விளையாடின பிள்ளைகளை முதல் பந்தியில் உட்காரவையுங்கள் என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் கடைசி வரியை இரண்டாம் தடவை கேட்டபோது அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

பிறகு மீன்சுருட்டி அங்கமுத்து வந்தார், இருமிக்கொண்டே. தன் கருமாதிச் சாப்பாட்டைத் தானே ருசி பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்றார். ஆண்டிமடம் குருநாதன், மேடை என்றால் வேர்க்கிற கல்யாண மாப்பிள்ளை. இப்படிப் பதினோரு பேர். ஒருவரைக் கொன்றுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். ஆனால் அங்கமுத்துவுக்கு இருமல் எப்படி என்று ராசாங்கம் மறக்காமல் விசாரிப்பார். கொல்ல முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவர் எங்கள் தெருவிலேயே மனை வாங்கி வீடு கட்டி முடித்தார். விலைக்கு வந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் பேசியதை எழுத முடியாது. இருபது வருஷம் இந்தத் தெருவின் ஒவ்வொரு வாசலிலும் நின்று அடுத்தவர் விருந்தாளியை ‘வாங்க’ என்று கூப்பிட்டவர், இப்போது தன் வாசலில் நின்று கூப்பிடப் போகிறார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்தத் தெரு அவர் வீட்டில் உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். அதை வெளியே சொன்னதில்லை. அந்த மாதம் பாட்காஸ்ட்டில் வேறு எதையும் பேசவும் இல்லை.

அவரும் மனைவி ஜோதியும் தாம்பாளத்தோடு வீடு வீடாக வந்தார்கள். பத்திரிகை, வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் முறைப்படி. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டுக்கு உள்ளேயும் அவர்கள் கேட்டுக்கு வெளியேயும் நின்றார்கள். வயதில் மூத்தவரை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாள். “அதுக்கென்ன ராசாங்கம், வந்துட்டாப் போச்சு. பத்திரிகைய அந்தச் செவுத்து மேல வச்சிட்டுப் போ.” உள்ளே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜோதி குங்குமத்தை எடுத்த கையை அப்படியே தட்டுக்குத் திருப்பினார். நான் ஜன்னலில் நின்றேன்.

அன்று வந்த பதிவில், நேயர்கள் எல்லோரும் வீடு குடிபுகும் விசேஷத்துக்கு வரவேண்டும், பதினோரு பேருக்கும் தனியாக இலை போட்டு வைப்பேன், வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். பதினோரு குரலிலும் வரமுடியாது என்று சொல்லியிருக்கலாம். தென்றலுக்குக் காய்ச்சல், குருநாதனுக்குப் பெண் பார்க்கும் நாள். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். மூக்கைப் பிடித்தால் “வரேன்ணே” என்றுதான் வருகிறது. அங்கமுத்து இருமலோடு, “பஸ்ஸு ஏறிடுவேன் தம்பி” என்றார்.

விசேஷம் விடியற்காலையில். ஹோமம் முடிந்து ஏழு மணிக்கு முதல் பந்தி. அதில் ராசாங்கத்தின் ஊர் சனம் உட்கார்ந்து நிறைவாகச் சாப்பிட்டுக் கிளம்பியது. இரண்டாவது பந்தி தெருவுக்கு. மேசை விரிப்புப் போட்டு ஐம்பது இலை. பொங்கல், இட்லி, வடை, கேசரி. முதல் பதினோரு இலைக்குப் பக்கத்தில் சீட்டு எழுதி வைத்திருந்தது. தென்றல், சிறுவாச்சூர். அங்கமுத்து, மீன்சுருட்டி.

தெருவிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். ராசாங்கம் ஒவ்வொருவரையும் முறை சொல்லி ‘வாங்க’ என்றார், புருஷனையும் பெண்டாட்டியையும் பிள்ளையையும். எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். டைல்ஸ் நன்றாக இருக்கிறது என்றார்கள். பந்திப் பக்கம் கை காட்டினால் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு விரதம், ஒருவர் இப்போதுதான் இட்லி சாப்பிட்டாராம். வாசலில் ஐஸ் போட்ட தொட்டியில் தண்ணீர் பாட்டில் மிதந்தது. மூடி உடைக்காத பாட்டில். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, யார் வீட்டுத் தண்ணீரும் இல்லை. எங்கள் அம்மா இரண்டு எடுத்தாள். ஒன்றை என் கையில் திணித்தாள்.

ஐம்பது இலையும் காலியாகக் கிடந்தது. காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பரிமாறுகிறவர்கள் ஒவ்வொரு இலையிலும் ஒரு வடையை வைத்தார்கள். ஜோதி சமையல் பக்கமிருந்து வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ராசாங்கமும் பார்த்தார்.

“நேயருங்க இலை ஜோதி. பஸ்ஸு லேட்டு போல.”

“அது பதினொண்ணுதானே. மீதி?”

“மீதியும் நேயருதான். ஏகப்பட்ட பேரு கேக்குறாங்க, உனக்கெங்க தெரியும்?”

ஜோதி கடைசி இலைவரை எண்ணிப் பார்த்தார். பிறகு, அப்படின்னா சாம்பாரைச் சூடு பண்ணி வைக்கிறேன் என்று உள்ளே போனார்.

ஐம்பது பேருக்கு நான் எங்கே போவேன். பதினோரு பேருக்கே என் மூக்கு வீங்கிவிட்டது. அம்மா கேட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசிக்கொண்டே நடந்துவிட்டாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன். ராசாங்கம் தாம்பூலப் பையோடு வாசலுக்கு வந்தார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, தென்றலுக்குப் பஸ் கிடைக்கவில்லையாம், ஆப்பில் இப்போதுதான் வந்தது என்றேன்.

அவர் பையை என்னிடம் நீட்டினார். குரலை உயர்த்தவில்லை.

“தென்றலு பேசுறப்ப பின்னாடி உங்கம்மா கொரலு கேட்டுச்சு பாப்பா. ‘சிந்து, மோட்டார நிறுத்து, டேங்க்கு வழியுது’ன்னாங்க. அங்கமுத்து பேசுறப்பவும் அதே டேங்க்குதான் வழிஞ்சுது.”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். என் குரல் பதினொன்றில் எதிலும் சேராத குரலாக இருந்தது.

“கோழிக் கருமாதியிலேர்ந்து. ஆளே இல்லாம பேசுறதுக்கு, ஒரு புள்ள வெளையாட்டுக்காவது கேக்குதேன்னு விட்டுட்டேன். இன்னிக்கு ஜோதிக்குச் சொல்லவும் ஒதவுச்சு. அவகிட்ட சொல்லிடாத.”

தலையாட்டினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தேன்.

“பதினோரு ஆளா வரத் தெரிஞ்ச புள்ளைக்கு, ஒரே ஒரு ஆளா வந்து உக்காரத் தெரியலையே.”

அவர் என் கையைப் பார்த்தார். ஐஸ் தொட்டியில் கிடந்த பாட்டில். மூடி அப்படியே இருந்தது. அதன் வேர்வை என் விரல் வழியாகச் சொட்டி, அவர் வீட்டுப் புதுப் படியில் விழுந்துகொண்டிருந்தது.

“போவட்டும் பாப்பா,” என்றார். “கையாவது நனைஞ்சிருக்கு.”