மகளுக்குப் பொறுக்கிய குண்டுகள்

முதல் டப்பாவை முறத்தில் கொட்டிப் புடைத்தேன். சிரிக்காதீர்கள். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான். கல், கருப்பு, குருணை என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. ஒன்பதாவது படிக்கிற மகள் ஒரு தகர டப்பாவை நீட்டி, "இதுல நல்லது எது, சொத்தை எதுன்னு பொறுக்கிக் குடும்மா" என்றால் நான் வேறு எதைத் தேடிப் போவேன்? நாலு தட்டுத்தான் தட்டியிருப்பேன். முகம் கழுவிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ அம்மா, அது ஈயம்! நசுங்கிரும்!"

நசுங்கித்தான் போயிருந்தது. ஏர் ரைபிளில் போடுகிற குண்டை அதற்குமுன் நான் கண்டேனா, கேட்டேனா? பெல்லட் என்பார்கள். அரிசிப் பொரியை விடச் சிறியது. தலை தட்டை, நடுவில் இடுப்பு ஒடுங்கி, கீழே பாவாடை மாதிரி விரிந்திருக்கும். அந்தப் பாவாடை விளிம்பு காகிதம் போல மெல்லிசு. ஒரு பக்கம் ஒடுங்கினாலும் குண்டு கோணிக்கொண்டு போகும் என்றாள். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டையில், நடுவே முற்றுப்புள்ளி போல ஒரு பொட்டு. அதில் அடித்தால் பத்து மதிப்பெண். அதனால்தான் போட்டிக்குப் போகிற குண்டைப் பொறுக்கிப் போட வேண்டுமாம். சுடக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் சொன்னாராம்.

காரைக்குடியில் அந்த வருடம்தான் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சுடும் பயிற்சி தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு இவளும் போய்ச் சேர்ந்தாள். அதே வருடம்தான் அவள் அப்பா திருச்சியில் இன்னொரு குடித்தனம் வைத்திருப்பது தெரியவந்தது. "போறதுன்னா போயிருங்க" என்றேன். போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு முறத்தை ஓரங்கட்டிவிட்டு வெள்ளை வேட்டித் துணியை மேஜையில் விரித்தேன். ஆலையிலிருந்து வந்ததும் அதுதான் வேலை. ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து, பாவாடை விளிம்பு சுற்றிலும் ஒரே வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். தலையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரிச் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி எடையும் போட்டேன். தேறினது போட்டிக்கு, சுமார் பயிற்சிக்கு, மிச்சம் கழிவு. அவள் எதிரே உட்கார்ந்து பாடம் படிப்பாள். நான் குண்டுகளைத் திட்டிக்கொண்டிருப்பேன். "ஏன்டி, உன் மூஞ்சிக்குப் போட்டி கேக்குதோ? போ அங்குட்டு" என்று ஒன்றைக் கழிவில் எறிவேன். "இவ பாரு, மகாராணி, எம்புட்டு லட்சணமா இருக்கா" என்று இன்னொன்றை எடுத்து வைப்பேன். அவள் புத்தகத்துக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். ஈயம் தொட்ட கை என்று, சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்க விடமாட்டாள்.

அவள் நன்றாகச் சுட்டாள். மாவட்டத்தில் ஜெயித்தாள், மாநிலத்துக்குப் போனாள். பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. எல்லாம் என் குண்டு செய்த வேலை என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு எனக்கு. ஆலையில் ஒருவர் விடாமல் சொன்னேன். "துப்பாக்கியத் தூக்குறது உங்க மகளா, நீங்களாக்கா?" என்று கேலி பேசினார்கள்.

அவள் போன பிறகு வீடு வாயை மூடிக்கொண்டது. நாங்கள் இருப்பது பழைய நகரத்தார் வீடு ஒன்றின் பின்கட்டு. முன்கட்டுக்காரர்கள் வெளிநாட்டில். ஆளில்லாத அத்தனை அறைகளுக்கு நடுவே நான் ஒருத்தி மிக்சியைப் போட்டால்கூட ஊரையே எழுப்புகிற மாதிரிக் கேட்கும். அப்புறம் மிக்சியும் போடுவதில்லை. ஒரு ஆளுக்கு என்ன சட்னி வேண்டிக்கிடக்கிறது? மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

குண்டு பொறுக்குவதை மட்டும் விடவில்லை. டப்பா வாங்கி, பொறுக்கி, பஞ்சு வைத்து அடைத்து கூரியரில் அனுப்புவேன். "மறுபடியும் ஈயமா அனுப்புறீக? மகளுக்கு முறுக்கு, சீடை ஏதும் அனுப்ப மாட்டீகளா?" என்று கேட்பார் கூரியர் கடைக்காரர். அவருக்கென்ன தெரியும்? டப்பா போய்ச் சேரும் நாளில் நான் போன் போடுவேன்.

"வந்துருச்சாடி?"

"வந்துருச்சும்மா."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா. பிராக்டிஸ் இருக்கு."

அவ்வளவுதான். எனக்கும் அவளுக்கும் மிஞ்சியிருந்த பேச்சு அந்த டப்பாதான். டப்பா நின்றால் போனும் நின்றுவிடும் என்று எனக்குப் பயம். நிஜமாகவே பயம். அதனால் ஒரு டப்பா அவளிடம் தீர்ந்திருக்காது என்று தெரிந்தே அடுத்ததை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவள் முதன்முதலில் பழகின பழைய ரைபிள் வீட்டில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தபோது அதை எடுத்துத் துடைத்தேன். துடைத்ததோடு நின்றிருக்கலாம். பின்கட்டு நடை பத்து மீட்டருக்குக் குறையாது. கொல்லைக் கதவைத் தாழிட்டு, அவள் பழகினபோது குண்டைத் தாங்க வைத்திருந்த இரும்புப் பெட்டியை அதன் முன்னால் வைத்து அட்டையைச் செருகினேன். முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. "நாசமாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு அடுத்ததைப் போட்டேன்.

பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்கி அந்தப் பொட்டைப் பார்க்கிற நேரம் வீடு காலியாக இருப்பது மறந்துபோகும். சுட்டு முடித்ததும் மறுபடி நினைவு வரும், அது வேறு விஷயம்.

சிவகங்கையில் புதியவர்களுக்கு ஒரு போட்டி, வயது வரம்பு கிடையாது என்று கேள்விப்பட்டேன். பெயர் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே குண்டு தேர்ந்தெடுக்க வேண்டுமே! இத்தனை வருடம் அடுத்தவளுக்குப் பொறுக்கினவள், எனக்கென்று வரும்போது விட்டுவிடுவேனா? ஒரே பெயர் போட்ட டப்பாவிலும் தலை அளவு மயிரிழை வித்தியாசத்தில் இரண்டு மூன்று வகை வரும். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு வகையிலும் ஐந்து குண்டு சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பதுதான் முறை. இது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் சுட, ஒருவர் அட்டை மாற்றிச் சொல்ல வேண்டும். நானே சுட்டு, ரைபிளை வைத்துவிட்டு நடந்து போய், அட்டையை உருவி, நானே எனக்கு, "ம், கேவலம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே லட்சணம். எந்த வகையைப் போட்டாலும் ஓட்டைகள் அப்பளம் அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. ஒரு சந்தேகம் வந்தது. மகாராணிகளில் ஐந்தை எடுத்துச் சுட்டேன். பிறகு கழிவிலிருந்து, கோணல் மாணலாக, நானே வாயார வைத ஐந்தை எடுத்துச் சுட்டேன். இரண்டு அட்டைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லப்போனால் கழிவு கொஞ்சம் தேவலை.

உடனே சென்னைக்குப் போன் போட்டேன். டப்பா அனுப்பாமல் நான் போட்ட முதல் போன் அது.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்லடி. நானும் சுடுறேன். போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். எந்தக் குண்டு போடட்டும்?"

அவளிடமிருந்து ஒரு கூச்சல், சிரிப்பு. அடங்கியதும் சொன்னாள்: "எதை வேணா போடும்மா. புதுசா சுடுறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். கை ஆடுற ஆட்டத்துல குண்டு வித்தியாசம் எங்க தெரியப்போகுது?"

"அப்ப நீ ஆரம்பிச்சப்ப?"

அவள் போனோடு எழுந்து வெளியே நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"உன்னத்தான்டி கேக்குறேன்."

"எனக்கும் அப்படித்தாம்மா."

"மாஸ்டர்தானே பொறுக்கச் சொன்னாரு?"

"மாஸ்டர் ஒண்ணும் சொல்லல. அப்பா போனப்புறம் நீ பேசுறதையே விட்டுட்டம்மா. மில்லுலருந்து வருவ, சோறு வைப்ப, செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்குப் பயமா இருந்துச்சு. கையில எதையாச்சும் குடுத்தா நீ பேசுவியோன்னு பாத்தேன். குண்டத் திட்டுறதுக்காச்சும் வாயத் திறந்த."

நான் அப்படியா உட்கார்ந்திருந்தேன்? எனக்கு நினைவே இல்லை. தைரியமாக நின்றதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"சரி, இப்ப அனுப்புறது?"

"இங்க அவங்களே ரைபிளை இறுக்கிக் கட்டிச் சுட்டுப் பாத்து, அதுக்கு ஏத்த குண்டாக் குடுத்துருவாங்கம்மா. உன்னது பெட்டியில பத்திரமா இருக்கு."

"எல்லாமா?"

"எல்லாம்."

எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். வந்தது. "கண்ணு பூத்துப் போயி உக்காந்து பொறுக்குறேன், அனுப்பாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா?" என்று கத்தினேன். அந்த நீள நடை முழுக்க என் குரல் போய்த் திரும்பி வந்தது.

"சொன்னா அப்புறம் எதுக்கும்மா நீ போன் பண்ணுவ?" என்றாள்.

போனை வைக்க எனக்கு மனமில்லை. அவளும் வைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தனியா இருக்க முடியலடி" என்றேன்.

"எனக்குந்தாம்மா" என்றாள்.