பவளத்துக்கு ஏர்கோன்

போன வாரம் என் தம்பி வீட்டு மீன்தொட்டி விலைபோனது.

வாங்க வந்தவர் கடல் உணவுக் கடை நடத்தும் ஒரு சீனர். நான்கடி நீளத் தொட்டி, தடித்த கண்ணாடி, கீழே இரும்பு ஸ்டாண்டு. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் தட்டினார். நண்டு போட்டு வைக்கச் சரியாக இருக்கும் என்று மலாயில் சொன்னார். அவர் சொன்ன விலைக்கே என் தம்பி குணா தலையாட்டினான். பேரம் இல்லை. பேச்சும் இல்லை. இரண்டு பேர் தூக்கி லோரியில் ஏற்றினார்கள்... அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடிக்குள் ஒரு காலத்தில் இருந்தவற்றின் விலையைச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? கூடப்பிறந்த நானே நம்பவில்லை.

‘அக்கா, உங்க பக்கத்தைத்தான் முதல்ல திருப்புவேன், சிரிக்கலாம்ல’ என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிற வாசகர்களே — இந்த வாரம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குணாவுக்கு வயது முப்பத்து நான்கு. சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிக்கும் இடத்தில் ஷிப்டு வேலை. அப்பா போன பிறகு அம்மாவும் அவனும் பாச்சாங்கில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார்கள். குடி இல்லை. சிகரெட் இல்லை. நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற பழக்கமும் கிடையாது. மாப்பிள்ளை தேடும் வீடுகளில் இதற்கு மேல் என்ன கேட்பார்கள்?

ஆனால் ஒன்று இருந்தது. பவளம்.

முதலில் ஒரு சின்னத் தொட்டி, நாலு மீன். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. கூட வேலை செய்கிற ஒருவர் வீட்டில் உயிருள்ள பவளத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பிடித்தது.

நகைக்கடைப் பவளம் என்று நினைத்துவிடாதீர்கள். இது கடலுக்கடியில் பாறையில் ஒட்டி வளரும் உயிர். சிலது விரல் விரலாக அசையும். சிலது பூ மாதிரி விரியும், தொட்டால் சுருங்கும். உள்ளங்கை அகலத் துண்டு நூற்றைம்பது வெள்ளி. கொஞ்சம் நிறமாக இருந்தால் இருநூறைத் தாண்டும். இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்டு, கைமாறிக் கைமாறி மலாக்கா வந்து சேர்வதற்குள் பாதி செத்துப்போகுமாம். செத்ததற்கும் சேர்த்துத்தான் மிச்சத்தின் விலை!

சரி, பவளத்தை வாங்கிவிட்டால் முடிந்ததா? அங்கேதான் ஆரம்பம். அதற்கு வெயில் வேண்டும் — அதனால் பந்து விளையாடும் திடலில் போடுகிற மாதிரி ஒரு விளக்கு. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அந்த பல்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். வெளிச்சத்தில் சத்து குறைந்துவிடுமாம்! அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ள ஒரு குழாய். அலை அடிக்க மோட்டார்கள். விளக்குச் சூட்டில் தண்ணீர் வெதுவெதுத்தால் பவளம் வெளுத்துச் சாகும். அதனால் தண்ணீரைக் குளிர வைக்க ‘சில்லர்’ என்று ஒரு மெஷின். அது மட்டும் இரண்டாயிரத்துக்கு மேலே.

இதையெல்லாம் விட அம்மாவுக்குத் தாங்காதது உப்புதான். வெளிநாட்டு உப்பை வாளி வாளியாக வாங்கிக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவான்.

"கார்ல ஏறினா பத்து நிமிஷத்துல கடலு. இவன் காசு குடுத்து உப்புத் தண்ணி செய்றான் பாரு" என்று என்னிடம் முறையிடுவார்.

"அந்தத் தண்ணி சேறும்மா. கப்பல் எண்ணெ வேற. ஊத்தினா ஒரே நாள்ல எல்லாம் போயிடும்" என்பான் குணா.

அம்மா முணுமுணுப்பார். ஆனால் அவன் ஷிப்டுக்குப் போன பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதும் அவர்தான். நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் ராஜம்மா அக்கா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். ராஜம்மா அக்கா எங்களுக்குத் தூரத்து உறவு. பத்து பெரண்டாமில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை. அங்கே அவருக்கு சூப்பர்வைசராக இருந்த பெண்தான் தமயந்தி. இருபத்தொன்பது வயது. தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விட்டவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பார்க்க வந்தார்கள். தமயந்தி, அவளுடைய அப்பா, ஒரு சித்தி. ராஜம்மா அக்காவும் கூட. நானும் போயிருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டியில்தான். தமயந்தி நேராக அதன் முன்னால் போய் நின்றாள்.

"இது பூவா?"

"இல்ல, உயிரு. பூ மாதிரி இருக்கும். மீனு மாதிரி சாப்பிடும்" என்றான் குணா. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! யாரிடமும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவன், அன்றைக்கு நிறுத்தாமல் பேசினான். அவளும் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். நான் சமையலறையில் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினேன் — ‘முடிஞ்சிடும்மா’ என்று.

அவள் அப்பா லோரி ஓட்டுகிறவர். வெள்ளை மனசுக்காரர். "தம்பி, இதுக்கெல்லாம் எவ்ளோ ஆச்சு?" என்றார்.

பொய் சொல்லத் தெரியாதவனிடம் விலை கேட்கக் கூடாது. குணா சொன்னான். விளக்கு இவ்வளவு, சில்லர் இவ்வளவு, அந்த ஊதா நிறம் இவ்வளவு என்று ஒவ்வொன்றாக... விரலை நீட்டி நீட்டி.

"பெரிய காசு லா!" என்று சிரித்தார் அவர். கோபமில்லை. ஆச்சரியம்தான். சித்திதான் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

தமயந்தி கண்ணாடியில் கை வைத்தாள். "சில்லுன்னு இருக்கு."

"ஆமா, சூடு ஆகாது இதுக்கு. அதான் இருபத்து நாலு மணி நேரமும் சில்லர் ஓடும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா பலகாரத் தட்டோடு நின்றிருந்தார். சமையலறைச் சூட்டில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், மேசையிலிருந்த பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். எப்போதும் செய்வதுதான். எங்கள் யார் கண்ணிலும் பட்டதே இல்லை.

"ஆன்ட்டி, உங்க ரூம்ல ஃபேன் மட்டுந்தானா?" என்றாள் தமயந்தி.

"எனக்கு அது போதும் மா" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அவள் தொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நல்லபடியாகத்தான் விடைபெற்றுப் போனார்கள்.

மூன்றாம் நாள் ராஜம்மா அக்கா வந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"புள்ளைக்கு உன் தம்பிய புடிச்சிருக்கு. ஆனா வேணாங்குது. மீனுக்கு ஏர்கோன் போட்டு வச்சிருக்காரு, பெத்தவங்க பேப்பர்ல விசிறிக்கிறாங்க... நாளைக்கு எனக்கு என்னான்னு கேக்குது. நான் என்னத்த சொல்றது?"

குணா அங்கேயேதான் இருந்தான். அம்மாதான் பொங்கினார்.

"என்னைக் காட்டியா எம்புள்ளைய வேணாங்கிறா? எனக்கு வேர்க்குதுன்னு நான் அவகிட்ட சொன்னேனா? யாருகிட்டயாச்சும் சொன்னேனா?"

அதுதான் விஷயமே என்பதை அம்மாவிடம் யார் எடுத்துச் சொல்வது?

அடுத்த சம்பளத்தில் குணா அம்மாவின் அறையில் ஏர்கோன் மாட்டினான். ஆட்கள் வந்து சுவரில் ஓட்டை போட்டபோதே அம்மா தடுத்துப் பார்த்தார். பிறகு அதை ஒரு நாளும் போடவில்லை. முட்டி வலிக்காரருக்குக் குளிர் ஆகாது — அது நிஜம். ஆனால் முட்டி வலி மட்டும்தான் காரணமா? அந்தப் பெண் சொல்லித் தனக்கு ஒன்று வந்தது என்பதை அம்மாவால் விழுங்க முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்குள் நம் வெள்ளியின், ரிங்கிட்டின், மதிப்பு விழுந்தது. உங்கள் வீட்டிலும் விழுந்திருக்கும். பால் மாவு விலையில் நீங்கள் பார்த்ததை, என் தம்பி உப்பு வாளியில் பார்த்தான். பல்பு விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே சமயத்தில் வேலையிடத்தில் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை நின்றது. அவனுடைய பவளமெல்லாம் அந்த ஓ.டி.யில் வாழ்ந்தது.

கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று போனான். வாங்கிய கடைதான், வாங்கிய ஆள்தான். "இப்ப யாரு வாங்குறா, போஸ்? சும்மா கொடுத்தாலும் எனக்குக் கரண்டு பில்லுதான்" என்று கையை விரித்துவிட்டாராம். அவரைச் சொல்லி என்ன? கடைக்குள் பாதித் தொட்டிகள் காலியாக இருந்தனவாம்.

பிறகு சில்லர் படுத்தது. கம்ப்ரஸர் போய்விட்டது என்றார்கள். மாற்றுகிற செலவைக் கேட்டுவிட்டு குணா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான்.

வெயில் காலம் வேறு. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டியில் மிதக்க விட்டார்கள். ஃபிரிஜ்ஜில் மீன், கோழி வைக்க இடமில்லை — எல்லாம் தண்ணீர்ப் பைகள். அவன் ஷிப்டில் இருக்கும்போது அம்மாதான் பை மாற்றுவார். அப்படியும் ஒவ்வொன்றாக வெளுத்தது. முதலில் ஓரம், பிறகு முழுசும். சுண்ணாம்பு மாதிரி.

ஒரு நாள் அம்மா சொன்னார்.

"மிச்சம் இருக்கிறத எடுத்து என் ரூம்ல வைடா. அந்த ஏர்கோன் சும்மாதானே கெடக்கு."

"உங்களுக்குக் குளிர் ஆகாதும்மா."

"நான் ஹால்ல படுத்துக்கிறேன். எடுத்து வை."

பழைய சின்னத் தொட்டியைக் கழுவி, உயிரோடிருந்த நாலைந்து துண்டுகளை அதில் வைத்தான். அம்மாவின் அறையில் அவர் துணி அலமாரிக்குப் பக்கத்தில். அந்த வீட்டில் முதல் தடவையாக அந்த ஏர்கோன் ஓடியது.

ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்றவர் படுத்தாரா? இல்லை. மோட்டார் நின்றுவிடுமோ, கரண்டு போய்விடுமோ என்று அந்த அறைக்குள்ளேயே இருந்தார். எப்போதோ கேமரன் மலைக்குப் போக பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஸ்வெட்டர். தலையில் துண்டு. காலில் குணாவின் பழைய சாக்ஸ். நான் போன் செய்தால், "பசியாறிட்டியா?" என்று கேட்பதற்கு முன்னால், "அந்த ஊதா கொஞ்சம் விரிஞ்சிருக்குடி" என்பார். நடுவில் இருமல்.

"என்னம்மா இருமல்?"

"தூசி."

அறை முழுக்க ஏர்கோன் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறது. எங்கிருந்து வரும் தூசி?

நான் குணாவிடம் சொல்லலாம் என்று அந்த வாரம் ஒரு நாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவனும் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த அறைக் கதவைத் திறந்தோம்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டு. உதடு வறண்டு வெளுத்திருந்தது. தொட்டிக்குள் அந்த ஊதாப் பவளம் விரல்களையெல்லாம் நீட்டி அசைந்துகொண்டிருந்தது. இரண்டு மாதங்களில் அது அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

குணா அதைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். சுவருக்குப் போய் ஏர்கோனை நிறுத்தினான்.

சத்தம் நின்றதும் அம்மா விழித்துக்கொண்டார். "ஏன்டா அணைச்ச? போடுடா! இப்பத்தான் அது தேறி வருது... போடுடான்னா!"

அவன் ஜன்னலைத் திறந்தான். வெளியே இருந்த சூடு அப்படியே உள்ளே வந்தது. அம்மா முன்னால் மண்டியிட்டு அவர் கையைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான். அம்மா அவன் தோளில் அடித்தார் — "பாவம்டா அது... பாவம்டா" என்று. அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

கிளினிக்கில் நெஞ்சுச் சளி என்றார்கள். நல்லவேளை, இப்போதாவது கொண்டுவந்தீர்கள் என்றார்கள். அம்மா தேறிவிட்டார். பவளம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. குணாவே எல்லாவற்றையும் வாளியில் அள்ளிப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தான். குப்பையில் போட மனசு வரவில்லையாம்.

அதற்குப் பிறகு விளக்கு போனது, மோட்டார்கள் போயின. கடைசியாகத் தொட்டி. அது போன கதையைத்தான் மேலே சொன்னேன்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் என்னைக் கேட்பது ஒன்றுதான் — ‘மொத்தம் எவ்ளோ போச்சு?’ பவளத்துக்கும் உப்புக்கும் கடைக்காரர் விலை சொல்லிவிடுகிறார். வீட்டில் இருக்கிறவர்கள் கொடுப்பதற்கு யார் விலை சொல்வது? அவர்கள் ‘எனக்கு அது போதும்’ என்று சொல்லியே கொடுத்துவிடுகிறார்கள். நாமும் அதை அப்படியே நம்பிவிடுகிறோம். உங்கள் வீட்டில் அது பவளமாக இருக்க வேண்டும் என்பதில்லை...

நேற்று ராஜம்மா அக்கா போன் செய்தார். தமயந்தி கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாளாம். போன இடத்தில் நன்றாக இருக்கிறாளாம். செகாமாட்டில் வேறொரு பெண் இருக்கிறது, உன் தம்பியைக் கேட்டுச் சொல் என்றார்.

கேட்டேன். "இப்போ வேணாங்க்கா" என்றான்.

"அந்தப் பொண்ணு மேல இன்னும் கோபமாடா?"

"கோபமா? அவங்க கேட்டது நியாயமான கேள்விக்கா" என்றான் குணா. "நாந்தான் பதில் சொல்ல லேட்டு."