பெட்டியில் வந்த ரப்பர்

கடையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். முதல் மாடியில், டிவி வரிசைக்கும் சார்ஜர்கள் தொங்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இயர்போன் கவுண்டர் அவருடையது. மலிவுச் சரக்கை யாரும் விசாரித்து வாங்குவதில்லை, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விலை கூடியதை வாங்குகிறவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே வருவார்கள். நடுவிலைக்காரர்கள்தான் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். காதுக்குள் போகிற சாமான் என்பதால் கடையில் போட்டுப் பார்க்கவும் விடுவதில்லை. காதுக்காரர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி பில் போடும் இடத்துக்கு நகர்ந்துவிடும்.

அந்த வார்த்தையை அவர் சும்மா சொன்னதில்லை. புது மாடல் வந்தால் கம்பெனிக்காரர்கள் தரும் மாதிரியை வீட்டுக்கு எடுத்துப் போவார். செய்தி கேட்பார், தனிக்குரல் பாட்டுக் கேட்பார், டிரம்ஸ் அதிரும் இசை கேட்பார். ஒருக்களித்துப் படுப்பார், வாயை மென்று பார்ப்பார், கொட்டாவி விடுவார். பிறகு கடையின் இணையப் பக்கத்தில் நாலு வரி எழுதுவார். அடிச்சத்தம் கும்மென்று இருக்கிறது, பேச்சு தெளிவு, உச்சத்தில் கூச்சல் இல்லை, காதில் போட்டதே தெரியாது. அந்தக் கடைசி வரி அவருடைய முத்திரை.

“ஏண்ணே, பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் கொட்டாவி விட்டுப் பார்த்தீங்களா?” என்பார் டிவி கவுண்டர்காரர்.

“அதுலதான்டா அவசரப்பட்டுட்டேன். வீட்ல போய் சொல்லிடாத.”

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. அவருடைய இடது காதின் துவாரம் குறுகல், போதாக்குறைக்கு உள்ளே சற்றுக் கோணல். இயர்போன் முனையில் வரும் கெட்டியான ரப்பரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் குத்த ஆரம்பித்துவிடும். அதனால் பல வருஷங்களுக்கு முன்பே பஞ்சுபோல் அமுங்கும் காதுமுனை ஒரு ஜோடி தனியாக வாங்கி வைத்திருந்தார். எந்த மாதிரி வந்தாலும் முதல் காரியமாகப் பெட்டியில் வந்த ரப்பரை உரித்து ஓரமாக வைத்துவிட்டுத் தன் பஞ்சை மாட்டிக்கொள்வார். சட்டை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்காருவதுபோல் அது தன்னால் நடந்துவிடும். அதை எழுத வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவருடைய அக்கா மருத்துவமனையில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் வாங்கி டைப் அடிக்கிற வேலை. எந்த டாக்டர் எந்த இடத்தில் இருமுவார், யார் மருந்தின் பெயரைப் பாதியில் விழுங்குவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முகமே பார்த்திராத டாக்டர்களைக்கூடக் குரலை வைத்தே நடித்துக் காட்டி வீட்டைச் சிரிக்க வைப்பாள்.

“டேய், நாள் பூரா காதுல மாட்டிக்கிட்டே இருக்கணும். நல்லதா ஒண்ணு சொல்லு.”

காதுக்காரர் யோசிக்கவே இல்லை. அந்த மாதம்தான் ஒன்றை வானளாவப் புகழ்ந்து எழுதியிருந்தார். “இதை எடுத்துக்கக்கா. காதுல போட்டதே தெரியாது.”

“ஏற்கெனவே நான் பேசுறது எதுவும் அவ காதுல விழாது, மாப்ளே. இனிமே சுத்தம்” என்றார் அத்தான்.

சில நாள் கழித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டபோது அக்கா, “ம், பழகிடும்” என்றாள். அந்த வார்த்தையே அவரை உலுக்கியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவர், பழகினால்தான் உண்டு என்று ஒருத்தி சொல்கிறாளே, ஏன் என்று கேட்கவில்லை. வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது, பேசினால் அவள் முகத்தைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டுவதைப் பார்த்தார். அத்தான் அவரைச் சமையலறைப் பக்கம் இழுத்துப்போனார்.

“உங்கக்கா சொட்டு மருந்து விட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டிருக்கா. கழட்டிப் போடுடின்னா, ‘தம்பி பார்த்துச் சொன்னது, என் காதுதான் சரியில்ல’ங்கிறா. நீயாவது சொல்லு மாப்ளே.”

மேஜைமேல் கிடந்த அக்காவின் இயர்போனை எடுத்து, துடைத்துவிட்டு, இருந்தபடியே மாட்டிக்கொண்டார். பதிவில் ஒரு டாக்டர் பேசினார். ஸகரமெல்லாம் கண்ணாடியில் ஆணி இழுப்பதுபோல் கீறியது. ரப்பர் காதை அடைத்து உட்காராததால் குரலில் கனமே இல்லை, வெறும் தகரம். அந்தத் தகரத்தில் வார்த்தையைப் பிடிப்பதற்காக அக்கா சத்தத்தைக் கிட்டத்தட்ட உச்சி வரை ஏற்றி வைத்திருந்தாள். இடது காது குத்தத் தொடங்கியது. இந்த இயர்போனைத் தான் இதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் புகழ்ந்ததெல்லாம் தன் பஞ்சு மாட்டிய வேறொரு சாமானை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பீஸ்ல ஏதோ கோளாறுக்கா, மாத்தித் தர்றேன்” என்று மழுப்பினார்.

மாற்றிக் கொண்டுவருவதற்குள் காது வீங்கிவிட்டது. உள்ளே புண், சீழ், அதற்குமேல் இத்தனை நாள் ஏற்றி வைத்த சத்தம். இடது காதில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, இனி காதுக்குள் எதையும் மாட்டக் கூடாது என்றார் டாக்டர். மருத்துவமனையில் அக்காவை வரவேற்பு மேஜைக்கு மாற்றினார்கள். வருகிறவர்களுக்கு எந்த மாடி என்று சொல்கிற வேலை. கெட்ட வேலை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் யார் குரலையும் நடித்துக் காட்டவில்லை.

புதுப் பஞ்சு ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டு அவர் அக்கா வீட்டுக்குப் போனார். அதற்கு இனி வேலை இல்லை என்று தெரிந்தும் எடுத்துப் போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா அந்தப் பஞ்சை விரலில் அமுக்கிப் பார்த்தாள். அது மெதுவாக உப்பி எழுந்தது.

“அடப்பாவி, இதைப் போட்டுத்தான் கேட்டேன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் இதையே வாங்கியிருப்பேனேடா” என்று சிரித்தாள்.

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

எழுதியதையெல்லாம் பிறகு திருத்த உட்கார்ந்தார். முடியவில்லை. மாதிரிகள் எப்போதோ கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டன. பெட்டியில் வந்த ரப்பரோடு அவை எப்படி ஒலித்திருக்கும் என்பது அவருக்கே தெரியாது. கடைசி வரியை மட்டும் ஒவ்வொன்றாக அழித்தார்.

இப்போது கவுண்டரில் யாராவது, “காது வலிக்காதுல்ல சார்?” என்று கேட்டால், “எனக்கு வலிச்சதும்மா. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது” என்கிறார்.

“இப்படியே வித்தீங்கன்னா கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதாண்ணே” என்கிறார் டிவி கவுண்டர்காரர்.

சாயங்காலங்களில் அக்காவுக்குப் போன் செய்கிறார். பழக்க தோஷத்தில் அவள் இடது காதில்தான் முதலில் வைக்கிறாள். “இருடா, காதை மாத்திக்கிறேன்” என்கிறாள். போன் கைமாறும் அந்தச் சரசரப்பு அடங்கும் வரை அவர் காத்திருக்கிறார்.