வாப்பாவுக்குப் பதிலாகக் கேட்ட பாடம்

காலை மதரஸாவுக்கு நானும் தம்பியும் ஒன்றாகத்தான் போனோம். பிறகு வாப்பா என்னைப் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு பஸ் ஏற்றிவிட்டார். தம்பியைக் குர்ஆன் மனப்பாடம் செய்யும் மதரஸாவில் சேர்த்தார். நான் பட்டம் வாங்கிய அன்று வாப்பா கடையைக்கூடப் பூட்டவில்லை. தம்பி முழுக் குர்ஆனையும் மனப்பாடம் செய்து ஹாபிஸாகித் தலைப்பாகை கட்டிய அன்று தெருவுக்கே நெய்ச்சோறு. இப்போது நான் கல்லூரி வாத்தியார். இருந்தும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாப்பா, "இவன் மூத்தவன், அவன் ஹாபிஸ்" என்பார். எனக்கு வயிறு எரியும்.

போன நோன்பில், இரவில் குர்ஆனைத் தொடர்ச்சியாக ஓதும் தராவீஹ் தொழுகையை நடத்த எங்கள் தெருப் பள்ளிவாசலில் தம்பியைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு அது முதல் வருடம். அன்றன்று ஓத வேண்டிய பகுதியை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பார்க்காமல் ஓதிக் காட்டுவான். கேட்பவர் குர்ஆனைத் திறந்து வைத்து விரலால் தொடர வேண்டும். தம்பி ஓதப் பழகிய நாளிலிருந்தே அது வாப்பாவின் வேலை, யாருக்கும் விட்டுத்தர மாட்டார். கண்ணில் ஆபரேஷன் ஆனதால்தான் அன்று என்னை உட்காரச் சொன்னார்.

குர்ஆனில் ஒன்றுபோல வரும் வசனங்கள் உண்டு. ஓதுகிற வேகத்தில் ஹாபிஸ்கள் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். தம்பியும் தாவினான். அவனுக்கே சந்தேகம் வந்து நிறுத்தி, அண்ணன் என்னிடம் கேட்டான்.

"சரியா வருதா காக்கா?"

என் விரல் விட்டுப்போன வசனத்தின் மேல்தான் இருந்தது.

"சரியாத்தாம்லே வருது. ஓது" என்றேன்.

தொழுகையில் அதே இடத்தில் தாவினான். பின்னால் நின்ற இன்னொரு ஹாபிஸ் விட்டுப்போன வசனத்தை எடுத்துக் கொடுத்தார். என்னை நம்பியதாலோ என்னவோ, தம்பி மறுபடியும் தவறையே ஓதினான். மீண்டும் எடுத்துக் கொடுத்தார். தம்பியின் குரல் நின்றே போனது. பக்கத்தில் வாப்பா தலையைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு இனித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா என்னைத்தான் பார்த்தார். பாடம் கேட்டபோது அந்த இடம் சரியாக வந்ததா என்று கேட்டார். தம்பி முந்திக்கொண்டான்.

"காக்கா அப்பமே திருத்தித்தான் தந்தாங்க வாப்பா. நாந்தான் மறந்துட்டேன்."

நோன்பு மாதத்தில் ஒரு ஹாபிஸ் எனக்காகப் பொய் சொன்னான். மறுநாளும் என்னிடமே வந்து உட்கார்ந்து ஓதினான். நான் விரலை எடுக்காமல் கேட்டேன். அவன் மேல் உள்ள பொறாமை மட்டும் குறையவில்லை, அன்றிலிருந்து கூடிவிட்டது.