உப்பு பத்தலைன்னு சொன்ன அக்கா

மரக்காணம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். மீசை வெச்ச நர்ஸ் என்பதால் புதுசாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, நிஜ நர்ஸைத் தேடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் உப்பளத்து அக்கா ஒருத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ராத்திரியிலிருந்து வயிற்றால் போகிறதாம், காய்ச்சல், ரத்தமும் கலந்து.

"டக்குனு நிக்கிற மாத்திரை குடு சார். வேலைக்குப் போவணும்."

"ரெண்டு நாள் லீவு போடுங்கக்கா."

"நீ வந்து உப்பு வார்றியா? மழை வந்தா அத்தனையும் கரைஞ்சிடும். அங்க மறைவா ஒதுங்க ஒரு புதர் கூட இல்ல."

நியாயந்தான். கண்ணுக்கெட்டின வரை வெள்ளைப் பாத்தி. ஆனாலும் ரத்தமும் காய்ச்சலும் இருந்தால் அந்த மாத்திரை கூடாது. வெளியே போக வேண்டிய கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. டாக்டரம்மா கிருமிக்கு மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பொடியும் எழுதினார். "ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணி" என்று நீட்டிவிட்டு, உலகத்தையே காப்பாற்றின மிதப்பில் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் அக்கா பெஞ்சில் சுருண்டிருந்தார். வாந்தி, உதடு காய்ந்து, தாகம் தாகம் என்கிறார். பொடி கலக்கின பாட்டிலில் பாதி காலி.

"மிச்சத்தையும் குடிங்க, பாயசம் மாதிரி இருக்குமேக்கா" என்று தனி டம்ளரில் ஊற்றி நான் ஒரு வாய் குடித்துக் காட்டினேன். சாட்சாத் வங்காள விரிகுடா.

"என்னக்கா போட்டீங்க?"

"சப்புன்னு இருந்துச்சு. கஞ்சிக்கு வெச்சிருந்த நம்ம உப்பை ரெண்டு சிட்டிகை போட்டேன்."

உப்பளத்தில் சிட்டிகை என்றால் அஞ்சு விரலும் சேரும் என்று எனக்குத் தெரியாதா? இதே ஊர்க்காரன்தானே.

உப்பு கூடிப்போனால் உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணியையும் அது இழுத்துவிடும். டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் அக்காவைப் படுக்க வைத்து, ரத்தம் எடுத்துச் சோதித்து, என்னிடம் திரும்பினார். "பொடியைக் கொடுத்தா போதுமா? கலக்கறதைப் பார்த்தியா?"

பார்த்தது டீ ஆறுகிறதைத்தான். புதுசாக நானே அளந்து கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாயந்திரம் அக்கா ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து சொன்னபோது, உடம்பில் தண்ணி சேர்ந்துவிட்டது என்று பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

பத்து நாள் கழித்து ஒரு பை உப்போடு வந்தார். "குழம்புக்குப் போட்டுக்க சார். பொடியில போட்டுடாத, பக்கத்துல ஆள் நின்னு பாக்கணும்."