ஜெர்மனியிலிருந்து வந்த கோட்டு

என்னிடம் ஒரு கோட்டு இருந்தது. நாவல்பழ நிற வெல்வெட். முழங்காலுக்குக் கீழே இறங்கும். கழுத்தைச் சுற்றி அடர்ந்த பழுப்பு ரோமம் வைத்த காலர். குளிர் நாட்டுப் பெண்கள் மாலை விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பு. சிவகாசி வெயிலில் அதைக் கையில் எடுத்தாலே வியர்க்கும். முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தும் அதைப் போட்டுக்கொண்டு நான் வாசல் தாண்டியதில்லை.

கல்யாணமான மறு வருடம் என் கணவர் ஜெர்மனிக்குப் போனார். எங்கள் அச்சகத்துக்குப் பழைய ஆஃப்செட் மெஷின் ஒன்றைப் பார்த்து வாங்குவதற்காக. திரும்பி வரும்போது கொழுந்தனுக்குப் பேனா, நாத்தனாருக்கு சென்ட், அச்சகத்து ஆட்களுக்குச் சாக்லேட் என்று எல்லாம் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. நான் கேட்கவில்லை. கேட்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்துக் கப்பலில் மெஷின் வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் அவர் இந்தக் கோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"உனக்குன்னு கடை கடையா ஏறி இறங்கி வாங்குனது. பெட்டில இடமில்ல. அதான் மெஷினோட சேத்து அனுப்பச் சொன்னேன்."

எண்ணெய் வாடை அடித்தது. கப்பல் வாடை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. விருதுநகரில் என் தாய்வீட்டில் மூத்தவன் பிறந்தபோது அச்சகத்தில் காலண்டர் சீசன். பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்குத்தான் வந்தார். என் அப்பா படுக்கையில் கிடந்தபோது காரை அனுப்பினார், அவர் வரவில்லை. அப்படி நடந்த ஒவ்வொரு முறையும் நான் பீரோவைத் திறந்து அந்தக் காலரில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். பாஷை தெரியாத ஊரில், பனியில், கடைக்காரியிடம் என் உயரத்தைக் கையால் காட்டிக்கொண்டு நிற்கிற மனிதரை நினைத்துப் பார்ப்பேன். அந்தக் காட்சியை அவர் சொன்னதில்லை. நானே உண்டாக்கிக்கொண்டது. அது போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் பெரிய வீட்டை மகனுக்கு விட்டுவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறினோம். பீரோவுக்கே இடமில்லை. பாச்சா உருண்டை போட்டுப் போட்டுக் கோட்டைப் பூட்டி வைப்பதைவிட, குளிரில் யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்று தோன்றியது. விற்பனைக்கு என்று மருமகள் போனில் படம் போட்டாள். கொடைக்கானலில் கல்யாண ஜோடிகளைப் படமெடுக்கிறவர்களுக்கு உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற ஒரு பெண், மதுரையிலிருந்து நேரில் வந்தாள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இது எங்க வாங்குனது ஆன்ட்டி? கதை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, படத்தோட போட்டா நல்லாருக்கும்."

நான் சொன்னேன். கடை கடையாக ஏறி இறங்கியது, பாஷை தெரியாமல் என் உயரத்தைக் கையால் காட்டியது, மெஷினோடு கப்பலில் வந்தது எல்லாம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார்.

"இன்னுமா அதையே சொல்லிக்கிட்டிருக்க?" என்றவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அது மெஷினுக்கு வச்சு வந்த துணிம்மா. ரோலர்ல அடிபடக் கூடாதுன்னு பழைய துணியெல்லாம் திணிச்சு அனுப்புவான். பெட்டியப் பிரிச்சா இது கெடந்துச்சு. வீட்ல இவ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாளா, சரின்னு கொண்டாந்து குடுத்தேன்."

ரொம்ப நாள் முன்னால் செய்த ஒரு சாமர்த்தியத்தைச் சொல்கிற முகம் அவருக்கு.

"மத்த துணியெல்லாம்?" என்று கேட்டேன்.

"மை துடைக்க ஆச்சு."

அந்தப் பெண் கோட்டைக் கழற்றி மெதுவாக நாற்காலியில் வைத்தாள். "ஆன்ட்டி, வேணும்னா யோசிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க."

"எடுத்துட்டுப் போம்மா" என்றேன். நானே மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு அவரிடம் கேட்டேன். "எங்கிட்டப் பொய் சொன்னீகளே?"

"சந்தோசமாத்தான இருந்த? அப்புறம் என்ன?"

உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதுதான் எரிந்தது.

கொஞ்ச நாளில் மருமகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கொடைக்கானல் மூடுபனியில் ஒரு மணப்பெண் என் கோட்டில் நின்றாள். கீழே அந்த மதுரைப் பெண் நான் சொன்ன கதையைத்தான் போட்டிருந்தாள். அவர் சொன்னதைப் போடவில்லை. இப்படி ஒரு கணவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

நாத்தனார் பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் அந்தப் படத்தைத் தன் போனில் எடுத்து ஒவ்வொருவருக்கும் காட்டினார்.

"அந்தக் குளிர்ல ஒத்த ஆளா எம்புட்டுக் கடை ஏறியிருப்பேன்! பாஷையும் தெரியாது. இவ உயரத்தைக் கையால காட்டித்தான் வாங்குனேன்."

கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியும் காட்டினார். அதை நான்தான் மதுரைப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டு இங்கே சொல்கிறார்.

"அது மெஷின் பெட்டில கெடந்த துணி" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாத்தனார் என் தோளில் தட்டி, "அம்புட்டுப் பாசத்தையும் இப்படிக் கேலி பண்றீகளே மதினி" என்றாள்.

திரும்பும்போது காரில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். சாத்தூர் தாண்டியதும் கேட்டேன்.

"மூத்தவன் பொறந்தப்ப ஏன் வரல?"

இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பக் காலண்டர் சீசன்ல்ல" என்றார்.

அப்பா படுக்கையில் கிடந்தபோது ஏன் வரவில்லை என்றும் கேட்டேன்.