ஜம்புக் குற்றியில் ரம்பை

கைறுன்னிஸா அக்காவுக்கு எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வராது. அடைகாக்கும் கோழியை எழுப்பிவிட்டு, முட்டையை விளக்கின்முன் பிடித்து உள்ளே என்ன நடக்கிறதென்று பார்ப்பார். சாதிக்காயைச் சுற்றியிருக்கும் தோல் மட்டும் ஏன் இத்தனை சிவப்பு என்று கேட்டுக் கேட்டே, மாத்தளைக் கடைத்தெருவில் சரக்கு வாங்கி விற்ற தன் கணவர் ஸெய்னுலாப்தீனைத் திணறடிப்பார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துத் தப்பித்துப் போய்விடுவார். கொங்காவலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வேலி. அதனால் மீதிக் கேள்விகள் எல்லாம் என் தலையில்தான் விழும்.

அறுபத்து நான்காம் ஆண்டு அவர்கள் முன்முற்றத்து ஜம்பு மரம் பட்டுப்போனது. மேல்பாகத்தை வெட்டி விறகாக்கினார்கள். மார்பளவு குற்றி மட்டும் மிஞ்சியது. அதையும் தோண்டி எடுத்துவிடலாம் என்றார் ஸெய்னுலாப்தீன். அக்கா விடவில்லை. குற்றியின் நடு உளுத்து, உள்ளே கறுப்பு மண்ணைப்போல் பொடிந்து கிடந்தது. அக்கா அதை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"அழகாயி, இது மண்ணுதானே? மரமே மண்ணாப் போயிருக்கு. இதுல ஒண்ண வச்சாப் புடிக்குமா, புடிக்காதா?"

"பட்ட மரத்த வாசல்ல வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்கக்கா," என்றேன். அது எங்கள் வீட்டுப் பேச்சு மட்டுமல்ல, தெரு முழுவதும் அப்படித்தான் பேசும்.

அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிணற்றடியில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்த, மணத்துக்காகக் கறிக்குப் போடும் ரம்பைச் செடியிலிருந்து ஒரு கன்றைப் பிரித்துக் குற்றிக்குள் வைத்து, இரண்டு சிரட்டை தண்ணீரும் ஊற்றினார்.

சரியாக இருபதாம் நாள், கடையில் சாக்கைத் தூக்கப் போன ஸெய்னுலாப்தீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

அவரைக் கிடத்திய சந்தூக்கு அந்தக் குற்றியைத் தாண்டித்தான் வெளியே போனது. அப்போதே ஒருத்தி வாயைத் திறந்துவிட்டாள்: "மரம் பட்ட வீடு. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்." பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தானா சொல்லத் தோன்றியது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதையே முதலில் சொன்னவள் நான்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் முன் நிற்கக்கூடாது. வெள்ளை உடுத்தி, உள்ளறையில் பாயில் இருந்தார். அழவே இல்லை. அழாமல் இருந்ததற்கும் தெருவில் ஒரு கதை கட்டினார்கள். ஐந்தாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் குத்திய வச்சிக்கிட்டதாலயா அவரு மவுத்தானாரு?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

"சும்மா சொல்லாத. போய்ப் பாரு. ரம்பை புடிச்சிருக்கா? அந்தக் குத்தி ஒண்ண வாழவைக்குதுன்னா, அது எப்படி இன்னொண்ண எடுத்திருக்கும்?"

அன்றிலிருந்து நான்தான் அக்காவின் கண். முதல்நாள் பார்த்தேன். கீழ் ஓலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. பொய் சொல்ல மனம் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. மஞ்சள் நுனியிலா, அடியிலா? விரலை விட்டால் சேறா, ஈரமா? மணம் எப்படி?

"சேறுக்கா. சாக்கட நாத்தம்."

"மழத்தண்ணி தேங்குது. பக்கத்துல ஒரு ஓட்ட போடு."

எங்கள் வீட்டு அலவாங்குக் கம்பியைத் தூக்கிவந்து குற்றியின் விலாவில் குத்தினேன். கறுப்புத் தண்ணீர் வழிந்து என் சேலையை நாசமாக்கியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான்கு நாட்கள் கழித்துப் பார்த்தால் மஞ்சள் கூடவில்லை, பச்சையும் கூடவில்லை. அக்கா அடுத்த வேலையைச் சொன்னார்.

"நடுக்குருத்தப் புடிச்சு மெல்ல இழு. அழுகியிருந்தாக் கையோட வந்துரும். வரல்லன்னாப் புடிச்சிருச்சு."

நான் போனேன், நின்றேன், கையை நீட்டினேன். கையோடு வந்துவிட்டால்? அதை எப்படி அந்த அறைக்குள் கொண்டுபோய்க் காட்டுவேன்? இழுக்கவே இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்கா, இப்ப இழுத்தா வேரு அசைஞ்சிரும்" என்று சமாளித்தேன். அதையே தினமும் சொல்லி வந்தேன். அக்கா என்னை உற்றுப் பார்ப்பார், வற்புறுத்தமாட்டார். கேள்வி கேட்டே பழகியவர் அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுப்பிடித்தார். அவருக்கும் பயம்தான்.

இறந்தவருக்காக ஓதிச் சோறு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் ஸெய்னுலாப்தீனின் தம்பி ஜவாஹிர் கோடாலியோடு வந்தார். கத்தத்துச் சோறாக்க விறகு வேண்டும் என்பது ஒரு சாக்கு. முற்றத்தில் நின்று சத்தமாகவே சொன்னார்.

"மதினி, இத இன்னைக்கு வெட்டிப்போடுறேன். இது நின்னது போதும். நானாவக் கொண்டுபோச்சு."

தன் அண்ணனைக் கொண்டுபோச்சு என்று அவர் சொன்னதும் அறைத் திரை அசைந்தது. நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அவரது குரல் தெளிவாக வந்தது.

"வெட்டுங்க தம்பி. அதுக்கு முந்தி அந்த ரம்பைட நடுக்குருத்தப் புடிச்சு இழுத்துப் பாருங்க. கையோட வந்தா வெட்டிப்போடுங்க, நீங்க சொல்றத நானும் ஒத்துக்குறேன். வரல்லன்னா விட்டுருங்க."

நான் ஒருநாளும் இழுத்துப் பார்க்கவில்லை என்பதை அந்த நிமிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே ஓடினேன்.

ஜவாஹிர் கோடாலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏளனமாக இரண்டு விரலால் குருத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கோடாலியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கையாலும் பிடித்தார். ஓலை கிழிந்து அதன் மணம் எழுந்தது, குருத்து அசையவில்லை. மூன்றாம் முறை இரண்டு கையாலும் ஆத்திரத்தோடு இழுத்தார். அலவாங்கு குத்திய இடத்தில் குற்றியின் பக்கப்பட்டை பிளந்து விழுந்தது. உள்ளே, உளுத்த மரத்தைக் கவ்விக்கொண்டு வேர்கள் இறங்கியிருந்தன. அவர் கையை எடுத்துவிட்டார்.

"வந்திச்சா?" என்றார் அக்கா, திரைக்குப் பின்னாலிருந்து.

பதில் சொல்ல வேண்டியவர் ஜவாஹிர்தான்.

"வரல்ல மதினி. உள்ளுக்கு வேர் உட்டிரிக்கி."

அப்போதுதான் அக்கா அழுதார். முப்பத்தெட்டு நாள் அடக்கிவைத்திருந்த அழுகை, வீடே அதிரும்படி வந்தது. ஜவாஹிர் தலை குனிந்துகொண்டு, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, அந்த அழுகைக்கு நடுவிலேயே, அக்காவின் குரல் கேட்டது.

"எத்தன வேரு?"

ஜவாஹிர் என்னைப் பார்த்தார். பிறகு குற்றியின் பக்கத்தில் குந்தி, விரலால் மண்ணை மெதுவாக விலக்கி, ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லத் தொடங்கினார்.